எக்ஸ்11 கதவைச் சாத்தும் முன் தமிழ்99-ஐ ஒருமுறை தட்டிப் பாருங்கள்

லினக்ஸ் கணினிகளின் மேசைச்சூழலான கேடிஇ பிளாஸ்மாவின் உருவாக்குநர்களுக்கும், பிளாஸ்மாவை நிறுவத்தக்க பொதிகளாக்கி டெபியன், ஃபெடோரா, ஆர்ச் போன்ற லினக்ஸ் வழங்கல்களில் தருகிறவர்களுக்கும்,

செயலிகளின் சாளரங்களைத் திரையில் காட்டி, விசைத்தட்டல்களை அவற்றிடம் கொண்டுசேர்க்கும் பழைய அமைப்பு எக்ஸ்11, புதியது வேலாண்ட். பிளாஸ்மா 6.8-இல் எக்ஸ்11 அமர்வு இருக்காது, வேலாண்ட் மட்டுமே என்று 2025 நவம்பர் 26 அன்று அறிவித்தீர்கள். அதற்கு முந்தைய பதிப்புகளின் எக்ஸ்11 அமர்வுக்கு 2027 தொடக்கம் வரை ஆதரவு உண்டு, எக்ஸ்11-க்கு எழுதிய பழைய செயலிகள் வேலாண்டுக்குள் அவற்றை ஓட்டும் எக்ஸ்வேலாண்ட் வழியாகத் தொடர்ந்து ஓடும் என்றும் சொன்னீர்கள். கணக்கு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது: கணினியை மேம்படுத்திவிட்டு உள்ளே நுழைந்ததும் தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா?

இந்த மடல் வேலாண்டுக்கு எதிரானது அல்ல. எக்ஸ்11-இல் எந்தச் செயலியும் வேறு எந்தச் செயலியின் விசைத்தட்டலையும் ஒட்டுக்கேட்கலாம். வேலாண்டில் அது நடக்காது. இரண்டு திரைகளுக்கு இரண்டு வேறு அளவு வைக்க எக்ஸ்11-இல் பட்ட பாடு வேலாண்டில் இல்லை. செயலிகளைக் கட்டும் கருவித்தொகுப்புகளான க்யூட்டி, ஜிடிகே, உலாவியான குரோமியம் ஆகிய மூன்றும், தட்டிய உரையைச் செயலிக்குக் கொண்டுபோகும் உரை உள்ளீட்டு நெறிமுறையின் மூன்று வெவ்வேறு பதிப்புகளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மூன்றையும் ஏற்றுக்கொண்டது உங்கள் சாளர மேலாளர் கேவின். அந்த உழைப்பு தெரியாமல் எழுதவில்லை. புது வீட்டுக்குக் கூரை வேயும் முன் பழைய வீட்டைப் பிரிக்க நாள் குறித்திருக்கிறீர்கள் என்பதுதான் வருத்தம்.

தமிழுக்கு வெறும் விசைப்பலகை அமைப்பு ஏன் போதாது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். இது தெரியாததால்தான் ‘செட்டிங்ஸில் தமிழ் லேஅவுட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற பதில் திரும்பத் திரும்ப வருகிறது.

1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை முறையில் ‘அம்மா’வுக்கு நான்கு தட்டல்: அ, ம, ம, ஆ. ஒரே எழுத்து அடுத்தடுத்து இருமுறை வந்தால் முதலாவதின் மேல் புள்ளி தானாக விழ வேண்டும். மெய்யை அடுத்து வரும் உயிர் அதோடு ஒட்டி உயிர்மெய்யாக வேண்டும். ‘பந்து’ என்றால் ப, ந, த, உ. நகரத்தை அடுத்துத் தகரம் வந்ததால் புள்ளியைத் தனியாகத் தட்ட வேண்டியதில்லை. ங்க, ஞ்ச, ண்ட, ம்ப, ன்ற எல்லாவற்றுக்கும் இதே விதி. கோப்பில் சேரும் யூனிக்கோடு குறியெண்களோ ‘அம்மா’வுக்கு ஐந்து: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். நான்கு தட்டலை ஐந்து குறியெண்ணாக மாற்ற வேண்டுமானால், இதற்கு முன் தட்டியது என்ன என்பதை ஏதோ ஒரு மென்பொருள் நினைவில் வைத்திருக்க வேண்டும். விசைப்பலகைப் பட்டியலுக்கு அடித்தளமான எக்ஸ்கேபி அமைப்புக்கு அந்த நினைவு கிடையாது. விசைக்கும் குறிக்கும் அது போடுவது நேர் முடிச்சு மட்டுமே. ஆகவே உங்கள் விசைப்பலகைப் பட்டியலில் ‘தமிழ்நெட் 99’ என்ற பெயர் இருந்தாலும், தமிழ்99 பழகிய விரலுக்கு அது தமிழ்99 இல்லை.

அந்த விரல் தேடுவது, பல மொழிகளின் தட்டச்சு விதிகளைத் தொகுத்துவைத்திருக்கும் எம்17என் தரவுத்தளத்தில் உள்ள தமிழ்99-ஐ. ஐபஸ் அல்லது ஃபிசிடிக்ஸ் 5 என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக அது செயலிகளுக்கு வந்து சேர்கிறது. ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டும் முறையும், பழைய தட்டச்சுப்பொறி முறையும், இலங்கையில் புழங்கும் ரெங்கநாதன் முறையும் அதே தரவுத்தளத்துக்குள் இருப்பவை.

சீனமோ ஜப்பானியமோ எழுதுகிறவருக்கு உள்ளீட்டு மென்பொருள் இல்லாமல் ஒன்றும் ஆகாது என்பது முதல் நாளே தெரியும். அதைத் தேடித்தான் போவார். தமிழருக்கு உங்கள் பட்டியலிலேயே ‘தமிழ்’ என்று ஒரு வரி கிடைத்துவிடுகிறது. சேர்த்துவிட்டு, எழுத்துகள் ஒட்டாமல் சிதறி விழுவதைப் பார்த்து, லினக்ஸில் தமிழ் சரியாக வராது என்று முடிவு கட்டிவிடுகிறார். உங்கள் பிழைத்தளத்தில் தமிழர்களின் புகார் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புகார் இல்லாததைக் குறை இல்லாததாக எண்ணிவிடாதீர்கள்.

இனி மேம்படுத்தலுக்கு வருவோம். பிளாஸ்மா 5.27, எக்ஸ்11 அமர்வு, ஃபிசிடிக்ஸ் 5, தமிழ்99 என்று எல்லாம் ஒழுங்காக ஓடும் கணினி ஒன்றை 6-க்கு ஏற்றுகிறோம்.

நுழைவுத் திரையில் பயனர் எதையும் மாற்றவில்லை. ஆனால் அமர்வுக் கோப்பின் பெயர் மாறிவிட்டது. முன்பு ‘பிளாஸ்மா’ என்ற கோப்பு எக்ஸ்11 அமர்வுக்கு உரியது. 6.0-இல் அந்தப் பெயர் வேலாண்டுக்குப் போய்விட்டது. எக்ஸ்11-க்கு ‘பிளாஸ்மாஎக்ஸ்11’ என்று புதுப் பெயர். நுழைவுத் திரையை நடத்தும் எஸ்டிடிஎம் நினைவில் வைத்திருந்த பழைய கோப்பு பழைய இடத்தில் இல்லை. கடவுச்சொல் கேட்காமல் தானே நுழையும்படி அமைத்த கணினிகளிலும், அமைப்புக் கோப்பில் ‘பிளாஸ்மா’ என்று எழுதியிருந்தால் இனி அதன் பொருள் வேலாண்ட். பயனர் கேட்காமலேயே வேலாண்டில் போய் இறங்குகிறார்.

கேட் என்ற உரைத்தொகுப்பியைத் திறந்து ‘அம்மா’ என்று தட்டுகிறார். ஏ, கே, கே, க்யூ என்று நான்கு ஆங்கில எழுத்துகள் வருகின்றன. பிளாஸ்மாவின் தரப்பிலிருந்து ஒரு பிழைச்செய்திகூட இல்லை. பணிப்பட்டையில் உள்ளீட்டு மென்பொருளின் சின்னம் வழக்கம்போல் நிற்கிறது. எல்லாம் இருக்கிறது, எழுத்து மட்டும் வரவில்லை.

காரணங்கள் ஒன்றல்ல, ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை. எக்ஸ்11-இல் உள்ளீட்டு மென்பொருளைச் செயலிகளுக்கு அறிமுகப்படுத்துவது, செயலிகள் தொடங்கும்போது படிக்கும் மூன்று சூழல் மாறிகள்: ஜிடிகேவுக்கு ஒன்று, க்யூட்டிக்கு ஒன்று, பழைய எக்ஸ் செயலிகளுக்காக எக்ஸ்மாடிஃபையர்ஸ் ஒன்று. பலர் இவற்றை வீட்டு அடைவில் உள்ள எக்ஸ்புரொஃபைல் கோப்பில் எழுதி வைத்திருப்பார்கள். அப்படி எழுதச் சொல்லித்தான் பழைய வழிகாட்டிகள் எல்லாம் சொல்லின. எஸ்டிடிஎம் அந்தக் கோப்பை எக்ஸ்11 அமர்வுக்கு மட்டுமே படிக்கும். வேலாண்டில் நுழைந்தவுடன் மூன்று மாறிகளும் சத்தமில்லாமல் காணாமல் போகின்றன.

மாறிகளை அமைப்பு முழுவதற்குமான என்விரான்மென்ட் கோப்பில் எழுதியவர்களுக்கு வேறு சிக்கல். அவர்களுக்கு மாறிகள் பிழைத்திருக்கும். ஆனால் க்யூட்டி மாறி ‘ஃபிசிடிக்ஸ்’ என்று சொன்னால், க்யூட்டி 6 செயலி தனக்கான ஃபிசிடிக்ஸ் இணைப்பைத் தேடும். டெபியன் குடும்பத்தில் அந்த இணைப்பு க்யூட்டி 5-க்கு ஒரு பொதி, க்யூட்டி 6-க்கு இன்னொரு பொதி. பழைய கணினியில் இருப்பது 5-க்கு உரியது மட்டும். விளைவு விநோதமாக இருக்கும்: புதிதாக வந்த கேட்டிலும் கான்சோல் முனையத்திலும் தமிழ் வராது, க்யூட்டி 5-இலேயே நின்றுவிட்ட ஏதோ ஒரு பழைய செயலியில் வரும். இதைப் பார்க்கும் எவரும் கேட்டில்தான் கோளாறு என்று நினைப்பார். நினைத்து, கேட்டை நீக்கி மீண்டும் நிறுவிப் பார்ப்பார்.

மூன்றாவது காரணம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வேலாண்டில் உள்ளீட்டு மென்பொருளைத் தொடங்கிவைக்க வேண்டியது கேவின். அமர்வு தொடங்கும்போது தானாக எழும்பும் பட்டியலிலிருந்து ஃபிசிடிக்ஸ் எழுந்தால், அது ஓடும், ஆனால் கேவினோடு அதற்குத் தொடர்பு இருக்காது. பழைய கணினிகளில் அது அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. கேவின் அதைத் தொடங்கவேண்டுமானால் பயனர் போகவேண்டிய இடம், சிஸ்டம் செட்டிங்ஸில் ‘கீபோர்ட்’ பகுதிக்குள் ‘வர்ச்சுவல் கீபோர்ட்’ என்ற பக்கம்.

மெய்நிகர் விசைப்பலகை! தொடுதிரையே இல்லாத மேசைக்கணினியில், கையால் அழுத்தும் நிஜ விசைப்பலகையில் தமிழ் வரவேண்டுமென்று, திரையில் தோன்றும் விசைப்பலகைக்கான பக்கத்துக்குப் போக எவருக்குத் தோன்றும்? ஃபிசிடிக்ஸின் புதிய பதிப்புகள் இந்த நிலையைக் கண்டுபிடித்து, ‘வர்ச்சுவல் கீபோர்ட் பக்கத்துக்குப் போய் என்னைத் தேர்ந்தெடுங்கள்’ என்ற பொருளில் ஓர் அறிவிப்பு காட்டுகின்றன. உங்கள் அமைப்புப் பக்கத்துக்கு வழி சொல்லும் வேலையை வேறொரு திட்டம் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயர் பொருத்தமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சரிசெய்ய வழி இருக்கிறது. எத்தனை படி என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். தானாகத் தொடங்கும் பட்டியலிலிருந்து ஃபிசிடிக்ஸை நீக்க வேண்டும். ஜிடிகே, க்யூட்டி மாறிகள் இரண்டையும் எங்கெங்கு எழுதியிருக்கிறதோ அங்கெல்லாம் தேடி அழிக்க வேண்டும். எக்ஸ்மாடிஃபையர்ஸை மட்டும் விட்டுவைக்க வேண்டும், எக்ஸ்வேலாண்டில் ஓடும் செயலிகளுக்கு அது தேவை. அதை எக்ஸ்புரொஃபைலிலிருந்து பிளாஸ்மா படிக்கும் என்வ் அடைவுக்கு மாற்ற வேண்டும். எக்ஸ்வேலாண்டில் ஓடும் ஜிடிகே 3 செயலிகளுக்காக ஜிடிகேயின் செட்டிங்ஸ் கோப்பில் உள்ளீட்டுக் கூறு ‘ஃபிசிடிக்ஸ்’ என்று தனியே ஒரு வரி சேர்க்க வேண்டும். வர்ச்சுவல் கீபோர்ட் பக்கத்தில் ஃபிசிடிக்ஸ் 5-ஐத் தேர்ந்து ‘அப்ளை’ அழுத்த வேண்டும். வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். குரோமியமும் அதன்மேல் கட்டிய எலக்ட்ரான் செயலிகளும் வைத்திருந்தால், பதிப்பைப் பொறுத்து, அவை வேலாண்டில் நேரடியாக ஓடவும் உள்ளீட்டு மென்பொருளை ஏற்கவும் தனித்தனியே தொடக்கக் கட்டளையில் கொடிகள் எனும் தெரிவுச் சொற்களைச் சேர்க்க வேண்டும்.

ஐபஸ் வைத்திருப்பவர்கள் அதே பக்கத்தில் ‘ஐபஸ் வேலாண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற பாடுகள் ஏறக்குறைய இவையே.

பள்ளிக் கேள்வித்தாள் அடிக்கும் ஆசிரியரோ, தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுபவரோ, கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் அடித்துத் தரும் அச்சகத்துக்காரரோ இதைச் செய்யமாட்டார். செய்யவும் கூடாது. அவருக்கு எக்ஸ்11-க்குத் திரும்பிப் போவது இரண்டே சொடுக்கு. இன்றுவரை அந்தக் கதவு திறந்திருந்ததால்தான் இந்தக் குறை வெளியே பெரிதாகக் கேட்கவில்லை.

அந்தக் கதவும் ஏற்கெனவே பாதி மூடிவிட்டது. பிளாஸ்மா 6.4-இல் கேவினை எக்ஸ்11-க்கு ஒன்று, வேலாண்டுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்தீர்கள். 2025 ஜூனில் அது ஆர்ச்சுக்கு வந்தபோது, எக்ஸ்11 அமர்வு வேண்டுமென்பவர் தனியாக ஒரு பொதியைக் கையால் நிறுவ வேண்டும் என்று ஆர்ச்சின் செய்திப் பக்கத்தில் போட்டார்கள். செய்தி படிக்காமல் மேம்படுத்தியவர் மறுநாள் காலையில் வேலாண்டில் இருந்தார். ஃபெடோராவின் பிளாஸ்மா பதிப்பு 2024 ஏப்ரலில் வந்த 40-ஆம் வெளியீட்டிலேயே எக்ஸ்11 அமர்வை இயல்பாகத் தருவதை நிறுத்திவிட்டது. இப்போதைய அறிவிப்பில், எக்ஸ்11 கட்டாயம் வேண்டுமென்போர் ஆல்மாலினக்ஸ் 9 போன்ற நீண்டகால வழங்கல்களுக்குப் போகலாம், அங்கே 2032 வரை ஆதரவு உண்டு என்கிறீர்கள். தமிழில் எழுத வேண்டுமா, அப்படியானால் பிளாஸ்மா 5.27-இலேயே இருந்துகொள்ளுங்கள் என்பது அதன் நடைமுறைப் பொருள். நீங்கள் அந்த எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். போய்ச் சேருகிற இடம் அதுதான்.

எல்லாம் சரியாக அமைத்த பிறகும் மிச்சமிருப்பவை உண்டு. அவற்றில் இரண்டைச் சொல்லவேண்டும்.

‘வருக’ என்று தட்டினால், கடைசி ‘க’ உடனே உறுதியாவதில்லை. அடுத்து ஓர் உயிர் வந்து அதைக் ‘கி’யாகவோ ‘கொ’வாகவோ மாற்றக்கூடும் என்பதால், அடிக்கோட்டோடு வரைவாக நிற்கும். இந்த நேரத்தில் பயனர் சுட்டியை எடுத்து வேறொரு சாளரத்தைச் சொடுக்கிவிட்டால்? எக்ஸ்11-இல் ஃபிசிடிக்ஸ் அந்த வரைவை அதே இடத்தில் உறுதிசெய்துவிட்டு நகரும். வேலாண்டின் உரை உள்ளீட்டு நெறிமுறை மூன்றாம் பதிப்போ, சாளரத்தை விட்டு நீங்கும்போது முன்பு வைத்த வரைவை நீக்கிவிடும்படி செயலிக்குச் சொல்கிறது. செயலி தானே முந்திக்கொண்டு உறுதிசெய்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால் ‘வருக’ ‘வரு’ ஆகிவிடும். பிழைதிருத்தியும் காட்டிக்கொடுக்காமல் போகலாம். நீண்ட ஆவணத்தில், இரண்டு சாளரங்களுக்கிடையே மாறி மாறி வேலை செய்யும்போது, எத்தனை இடத்தில் கடைசி எழுத்து போயிற்று என்று பிறகு வரிவரியாகத் தேட வேண்டும். தட்டச்சே வராமல் போவதைவிட இது மோசம், ஏனென்றால் முன்னது உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது, திரை விசைப்பலகை. கேவின் ஒரு நேரத்தில் ஒரே ஓர் உள்ளீட்டு மென்பொருளைத்தான் தொடங்குகிறது. மாலிட் போன்ற திரை விசைப்பலகைக்கும் ஃபிசிடிக்ஸுக்கும் இருப்பது ஒரே நாற்காலி. மடித்தால் பலகையாகும் மடிக்கணினியில் தமிழ்99-க்காக ஃபிசிடிக்ஸைத் தேர்ந்தெடுத்தால், விசைப்பலகையை மடித்ததும் திரை விசைப்பலகை எழும்பாது. மாலிட்டைத் தேர்ந்தெடுத்தால் நிஜ விசைப்பலகையில் தமிழ்99 போயிற்று. ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கு இந்த நாற்காலிச் சண்டை இருப்பதே தெரியாது.

சிறியது இன்னொன்றும் இருக்கிறது, நெறிமுறை எழுதுகிறவர்கள் உங்களில் உண்டு என்பதால் சொல்கிறோம். கர்சரைச் சுற்றியுள்ள உரையைச் செயலி அனுப்பும்போது அது 4000 பைட்டைத் தாண்டக்கூடாது. தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் 3 பைட்டு. எனவே ஆங்கிலத்தில் 4000 எழுத்து கொள்ளும் இடத்தில் தமிழில் 1333 குறியெண்தான். ‘அம்மா’ ஒன்றே 15 பைட்டு. எழுத்தெண்ணிக்கையும் பைட்டெண்ணிக்கையும் ஒன்றே என்று எண்ணி எழுதப்பட்ட செயலி ஆங்கிலத்தில் ஒருநாளும் மாட்டாது, தமிழில் நீண்ட பத்தி ஒன்றில் மாட்டிக்கொள்ளும். சோதிக்கிறவர் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இவை வெளியே வராது.

மேம்படுத்தும்போது எதுவும் உடையக்கூடாது என்று கேட்கவில்லை. 2024 பிப்ரவரி 28-இல் 6.0 வந்தபோது பிளாஸ்மா 5-க்கு எழுதிய விட்ஜெட்டுகள் எல்லாம் வேலை செய்யாமல் நின்றன. அதற்கு நியாயம் இருந்தது. எப்படி மாற்றி எழுதுவது என்று வழிகாட்டியும் தந்தீர்கள். கோப்பைத் திறக்க ஒரு சொடுக்கு போதும் என்றிருந்தது இரண்டாக மாறியது. அதையும் முன்கூட்டியே சொன்னீர்கள். கட்டளைகளின் பெயரில் 5 இருந்த இடத்தில் 6 வந்தது. சொந்தமாகச் சிறு நிரல்கள் எழுதி வைத்திருந்தவர்கள் ஒரு மாலை உட்கார்ந்து மாற்றிக்கொண்டார்கள். 2024 மார்ச்சில், இணையக் கடையிலிருந்து நிறுவிய ஒரு குளோபல் தீம் (தோற்றத் தொகுப்பு) ஒரு பயனரின் கோப்புகளை அழித்தபோது, அது கெட்ட எண்ணத்தால் அல்ல, மோசமான நிரலால் நடந்தது என்று விளக்கி, எச்சரித்து, பொறுப்பேற்றுப் பேசினீர்கள். விட்ஜெட்டுக்குக் கிடைத்த அறிவிப்பும் தீமுக்குக் கிடைத்த அக்கறையும் தாய்மொழித் தட்டச்சுக்குக் கிடைக்கவில்லை என்பதே எங்கள் மனக்குறை.

இது உங்கள் சொந்த வாக்குறுதியும்கூட. 2024 செப்டம்பரில் வூர்ஸ்பர்க்கில் நடந்த உங்கள் ஆண்டு மாநாடான அகாடமியில், அடுத்த இரண்டாண்டுக்கான மூன்று இலக்குகளில் ஒன்றாக உள்ளீட்டின் மீதான அக்கறையை அறிவித்தீர்கள். சிக்கலான உள்ளீட்டு முறை தேவைப்படும் மொழிகள் அதில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருந்தன. அந்த இலக்கு நிறைவேறியதா என்று யாரும் சொல்லும் முன்பே எக்ஸ்11-க்கு நாள் குறித்திருக்கிறீர்கள்.

பக்கத்து வீட்டைப் பாருங்கள். இன்னொரு லினக்ஸ் மேசைச்சூழலான க்னோமும் எக்ஸ்11-ஐ விட்டு விலகுகிறது. 2025 செப்டம்பரில் வந்த 49-ஆம் பதிப்பில் அந்த அமர்வை இயல்பாக முடக்கிவிட்டது. ஆனால் அங்கே விசைப்பலகைப் பக்கத்தில் உள்ளீட்டு மூலங்கள் என்று ஒரே பட்டியல். எக்ஸ்கேபி அமைப்பும், ஐபஸ் வழி வரும் எம்17என் தமிழ்99-உம் அதில் அடுத்தடுத்து இருக்கும். எம்17என் பொதியை நிறுவி, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் முடிந்தது. உங்களிடமோ எக்ஸ்கேபிக்கு ஒரு பக்கம், கேவினுக்கு ஒரு பக்கம், ஃபிசிடிக்ஸின் அமைப்புக்கு இன்னொரு பக்கம். எதையும் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காகப் பிளாஸ்மாவைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாங்கள். மூன்று பக்கம் இருப்பதில் தவறில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்டியே இல்லாததுதான் தவறு.

ஆகவே கேட்பவை இவை.

‘வர்ச்சுவல் கீபோர்ட்’ பக்கத்தின் பெயரை மாற்றுங்கள். உள்ளீட்டு முறை என்று பொருள்படும் பெயரில் அது தனியாக நிற்கட்டும். விசைப்பலகை அமைப்புப் பட்டியலில் தமிழைச் சேர்க்கும் பயனருக்கு, முழுமையான தமிழ்99 வேண்டுமானால் இங்கே வாருங்கள் என்று அந்த இடத்திலேயே ஒரு வரியும் ஓர் இணைப்பும் காட்டுங்கள். இது நிரல் வேலையைவிடச் சொல் வேலை; 6.8 வரை காத்திருக்கத் தேவையில்லை.

எக்ஸ்11 அமர்விலிருந்து வேலாண்டுக்கு முதன்முறை நுழைகிறவரின் பழைய அமைப்பைப் படித்துக் கைமாற்றுங்கள். கேவின் எந்த உள்ளீட்டு மென்பொருளைத் தொடங்கவேண்டும் என்பது கேவின்ஆர்சி கோப்பில், வேலாண்ட் என்ற பிரிவின் கீழ், ஒரே ஒரு வரி. பழைய அமைப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்ற கேகான்ஃப் அப்டேட் என்ற கருவியைப் பல ஆண்டுகளாக நீங்களே வைத்திருக்கிறீர்கள். ஃபிசிடிக்ஸோ ஐபஸோ தானாகத் தொடங்கும் பட்டியலில் இருக்கிறதா, சூழல் மாறிகள் எதைச் சொல்கின்றன என்று பார்த்து, ‘வேலாண்டிலும் இதையே பயன்படுத்தவா?’ என்று ஒரு கேள்வி கேட்டு அந்த வரியை எழுதிவிடலாம். முரண்படும் மாறிகள் இருந்தால் எந்தக் கோப்பில் என்று பெயரோடு சொல்லுங்கள். மேலே எண்ணச் சொன்ன படிகளில் பெரும்பகுதி இதனால் கரைந்துவிடும்.

திரை விசைப்பலகைக்கும் உள்ளீட்டு மென்பொருளுக்கும் தனித்தனி நாற்காலி போடுங்கள். சாளரம் மாறும்போது வரைவெழுத்து உறுதியாக வேண்டும் என்பதை நெறிமுறைக் குழுவில் எழுப்புங்கள். அங்கே தமிழருக்குக் குரல் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. அது முடிவாகும்வரை குறைந்தபட்சம் க்யூட்டி செயலிகளில், சாளரம் நீங்கும்போது வரைவு உறுதியாகிறதா என்று உங்கள் பக்கம் சோதித்து உறுதிப்படுத்துங்கள்.

வழங்கல்களைத் தருகிறவர்களிடம்: க்யூட்டி 5-க்கான உள்ளீட்டு இணைப்பு இருக்கும் கணினியை மேம்படுத்தும்போது க்யூட்டி 6-க்கான இணைப்பையும் சேர்த்தே இறக்குங்கள். லிப்ரெஆபிஸ் ஜிடிகே 3 இடைமுகத்தோடு வருகிறதா க்யூட்டி 6 இடைமுகத்தோடு வருகிறதா என்பதைப் பொறுத்து எழுத்து போகும் பாதையே மாறுகிறது; எந்த இடைமுகத்தைத் தருகிறீர்களோ அதில் தமிழைச் சோதித்துவிட்டுத் தாருங்கள். நிறுவும்போது தமிழை மொழியாகத் தேர்ந்தவருக்கு எம்17என் தரவுத்தளமும் அதற்கான ஐபஸ் அல்லது ஃபிசிடிக்ஸ் பொதியும் தானாக வரட்டும். எக்ஸ்11 பொதியை நீக்கும் வெளியீட்டின் குறிப்பில், முதல் பத்தியிலேயே, தட்டச்சு பற்றி எழுதுங்கள்.

கடைசியாக, 6.8-க்கு முன் ஒரு நிபந்தனை வையுங்கள். தூய 5.27 கணினி ஒன்று, எக்ஸ்11 அமர்வு, ஃபிசிடிக்ஸில் தமிழ்99, இன்னொன்று ஐபஸோடு. இரண்டையும் அமைப்பில் கை வைக்காமல் மேம்படுத்துங்கள். கேட், லிப்ரெஆபிஸ், ஃபயர்பாக்ஸ், குரோமியம், எக்ஸ்வேலாண்டில் ஓடும் ஒரு பழைய செயலி ஆகிய ஐந்திலும் அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகளைத் தட்டுங்கள். பிறகு ‘வருக’ என்று தட்டி, உடனே வேறு சாளரத்தைச் சொடுக்குங்கள். ஐந்தில் ஒன்றில் ‘அம்மா’ வராவிட்டாலும், ‘வருக’வின் க தொலைந்தாலும், எக்ஸ்11 அமர்வை நீக்கும் நாளைத் தள்ளிவையுங்கள்.

இப்படிக்கு,
பிளாஸ்மாவில் தமிழ் எழுதுகிறவர்களும், பிறர் எழுத அதை அமைத்துத் தருகிறவர்களும்